பேரரங்கும் ஒற்றை உடலும்: மைக்கேல் ஜாக்சனின் உலகச் சுற்றுப்பயண இசைநிகழ்ச்சிகள் (1987–1997)

ஆய்வுச் சுருக்கம்

விளையாட்டு அரங்குகளில் நடத்தப்படும் பெருந்திரள் இசைநிகழ்ச்சி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருப்பெற்ற ஒரு தனி நிகழ்த்துகலை வடிவம். ஒலி, காட்சி, போக்குவரத்து, முதலீடு ஆகிய நான்கும் ஒன்றுகூடியதால் அது இயன்றது. மைக்கேல் ஜாக்சன் 1987 முதல் 1997 வரை மேற்கொண்ட மூன்று தனி உலகச் சுற்றுப்பயணங்களை முதன்மைச் சான்றாகக் கொண்டு அவ்வடிவத்தின் வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. கலைஞருக்கும் பார்வையாளருக்கும் இடையிலான தொலைவைப் பொறியியல் வென்றது. ஆயினும் அவ்வெற்றியின் சுமை முழுவதும் மாற்று இல்லாத ஓர் உடலின் மீதே இறங்கியது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பேரரங்கு, இசைச் சுற்றுப்பயணம், மேடையமைப்பு, ஒலிபெருக்கம், மைக்கேல் ஜாக்சன், நிகழ்த்துகலை வரலாறு

முன்னுரை

நாடக அரங்கும் இசையரங்கும் மனிதக் குரலின் எல்லையை அளவாகக் கொண்டு கட்டப்பட்டவை. விளையாட்டு அரங்கு அவ்வாறு கட்டப்பட்டதன்று. பந்தின் ஓட்டத்தைப் பல்லாயிரவர் ஒருசேரக் காண்பதற்காக அமைந்த வெளி அது. அங்கு ஒரு பாடகரை நிறுத்துவது, கலைக்கு உரியதல்லாத ஓர் இடத்தில் கலையை நிகழ்த்துவதாகும். இம்முரண்பாட்டைத் தீர்க்க எடுக்கப்பட்ட முயற்சிகளின் வரலாறே பேரரங்கு இசைநிகழ்ச்சியின் வரலாறு.

இத்துறை பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் வருவாயையும் பார்வையாளர் தொகையையும் கணக்கிட்டு நின்றுவிடுகின்றன. அரங்கின் அளவு கலைஞரிடமிருந்து எதைக் கோரியது, அக்கோரிக்கையை நிறைவேற்றியது யார் என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. அவ்வினாக்களே இக்கட்டுரையின் மையம்.

1. தொலைவு என்னும் சிக்கல்

1965 ஆகஸ்டு 15 அன்று நியூயார்க் நகரின் ஷே அரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் ஏறத்தாழ 55,600 பேர் முன்னிலையில் பாடினர். அந்நிகழ்ச்சிக்கெனத் தனியாக 100 வாட் ஆற்றலுள்ள ஒலிபெருக்கிகள் செய்யப்பட்டன. பாடும் குரலோ விளையாட்டு அறிவிப்புகளுக்காக அரங்கில் அமைந்திருந்த ஒலிபெருக்கிகளின் வழியே சென்றது. கூட்டத்தின் கூச்சலில் இசை மூழ்கியது; பாடியவர்களுக்கே தம் குரல் கேட்கவில்லை. நிகழ்ச்சியைப் பதிவுசெய்த படத்துக்கு 1966 ஜனவரியில் இலண்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில் சில பகுதிகளை மீண்டும் பாடியும் இசைத்தும் சேர்க்க நேர்ந்தது. 1966 ஆகஸ்டு 29 அன்று சான்பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் பாடியதோடு பீட்டில்ஸ் கட்டண நிகழ்ச்சிகளை நிறுத்திக்கொண்டனர். கூட்டம் திரண்டிருந்தது, அக்கூட்டத்தைச் சென்றடையும் கருவிதான் இல்லை.

தொலைவின் சிக்கல் இரு கூறுகளைக் கொண்டது. முதலாவது ஒலி. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளியிருப்பவரை அது அடைய நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகும். இடைவழியில் கோபுரம் எழுப்பி ஒலிபெருக்கி வைத்தால், மேடை ஒலியும் கோபுர ஒலியும் வெவ்வேறு நேரத்தில் வந்து செவியில் மோதும். கோபுரத்துக்குச் செல்லும் மின்குறிப்பைக் கணக்கிட்டுத் தாமதப்படுத்துவதே இதற்குத் தீர்வு. 1973 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் திடலில் பல இலட்சம் பேர் கூடிய நிகழ்ச்சியில் இம்முறை கையாளப்பட்டது. 1974இல் கிரேட்ஃபுல் டெட் குழுவினர் 600க்கும் மேற்பட்ட ஒலிபெருக்கிகளைத் தமக்குப் பின்னே சுவர்போல் அடுக்கினர். ஒலி தெளிவாயிற்று. எனினும் எடையும் செலவும் தாங்காமல் அவ்வாண்டு இறுதியிலேயே அவ்வமைப்பு கைவிடப்பட்டது.

இரண்டாவது காட்சி. நடுத்தர உயரமுள்ள ஒருவரை 100 மீட்டர் தொலைவிலிருந்து நோக்கினால், கைநீட்டிப் பிடித்த அளவுகோலில் அவர் ஒரு சென்டிமீட்டர் உயரமே இருப்பார். முகக்குறிப்போ விரல் அசைவோ அங்குப் புலப்படாது. 1980இல் லாஸ் ஏஞ்சலீஸின் டாட்ஜர் அரங்கில் முழுவண்ணக் காணொளிப் பலகை நிறுவப்பட்டது. விளையாட்டுக்காக வந்த அத்தொழில்நுட்பத்தை இசைமேடை விரைவில் தனதாக்கிக்கொண்டது.

2. விக்டரி பயணம்: அளவின் முதற்பாடம்

மைக்கேல் ஜாக்சன் தம் உடன்பிறந்தோருடன் மேற்கொண்ட விக்டரி பயணம் 1984 ஜூலை 6 அன்று கேன்சஸ் சிட்டியில் தொடங்கி, டிசம்பர் 9 அன்று லாஸ் ஏஞ்சலீஸில் நிறைவுற்றது. மொத்தம் 55 நிகழ்ச்சிகள். நுழைவுச்சீட்டு ஒன்றின் விலை 30 டாலர். நான்கு சீட்டுகளாக மட்டுமே, அஞ்சல்வழி முன்பணம் செலுத்திப் பெற வேண்டும் என்பது விதி. ஏழை இரசிகர்கள் இதனால் விலக்கப்படுவதைச் சுட்டி ஒரு சிறுமி எழுதிய கடிதம் நாளிதழில் வெளியானது. ஜாக்சன் அம்முறையை மாற்றச் செய்ததோடு, தம் பங்கு வருவாய் முழுவதையும் அறப்பணிகளுக்கு அளிப்பதாக அறிவித்தார்.

மேடையமைப்பு மிகப் பெரிதாக இருந்தமையால் பல அரங்குகளில் விற்கக்கூடிய இருக்கைகளின் எண்ணிக்கை குறைந்தது. ஏற்பாட்டாளர் பேரிழப்பைச் சந்தித்தார். பெரிய மேடை பெரிய வருவாயைத் தரும் என்னும் எளிய கணக்கு இங்குப் பொய்த்தது. மேடையின் ஒவ்வொரு மீட்டரும் இருக்கைகளின் விலையில் வாங்கப்படுகிறது என்பதே விக்டரி பயணம் கற்பித்த பாடம்.

3. தொலைவிலும் தெரியும் உடல்

ஜாக்சனின் முதல் தனிப்பயணமான ‘பேட்’ 1987 செப்டம்பர் 12 அன்று டோக்கியோவில் தொடங்கியது. 1989 ஜனவரி 27 வரை 123 நிகழ்ச்சிகள் நடந்தன. ஏறத்தாழ 44 இலட்சம் பேர் கண்டனர். வருவாய் சுமார் 12.5 கோடி டாலர். 1988இல் இலண்டன் வெம்பிளி அரங்கில் மட்டும் ஏழு நிகழ்ச்சிகளுக்கு 5,04,000 பேர் வந்தனர். ஓர் இரவுக்கு 72,000 பேர் என்பது கணக்கு.

இத்தகைய திரளின் கடைசி வரிசைக்கும் ஆட்டம் சென்று சேர்ந்ததற்குத் திரைகள் மட்டும் காரணமல்ல. கணுக்காலுக்கு மேல் நின்ற கால்சட்டை, ஒளிரும் வெண்காலுறை, கருங்காலணி, விரல்களில் சுற்றிய வெள்ளைப் பட்டை, விளிம்பு அகன்ற தொப்பி என அவரது உடைக்கூறுகள் ஒவ்வொன்றும் உடலின் அசையும் முனைகளைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டின. முகம் தெரியாத தொலைவிலும் பாதம் தெரிந்தது. திடீர் நிறுத்தமும் கூர்மையான பக்கத்தோற்றமும் நிழலுருவாகவே அடையாளம் காணத்தக்கவை. சிறுமேடையின் நுண்ணசைவைக் கைவிட்டு, கோட்டோவியம் போன்ற ஓர் உடல்மொழியை அவர் ஆக்கிக்கொண்டார் எனலாம்.

அசைவின்மையும் இம்மொழியின் ஒரு சொல்லே. 1992 ஜூன் 27 அன்று மியூனிக்கில் தொடங்கிய ‘டேஞ்சரஸ்’ பயணத்தின் தொடக்கக் காட்சி இதற்குத் தக்க சான்று. மேடையின் அடியிலிருந்து பொறியொன்றால் மேலே எறியப்பட்டு வெளிப்படும் ஜாக்சன், ஒரு நிமிடத்துக்கும் மேலாகச் சிலையென நிற்பார். அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று புக்காரெஸ்ட்டில் நடந்து தொலைக்காட்சியில் ஒளிபரப்பான நிகழ்ச்சியில் இதனைக் காணலாம். எதுவும் செய்யாத ஒருவரை நோக்கிப் பல்லாயிரவர் கூவுகின்றனர். கூட்டத்தின் ஆரவாரத்தில் பீட்டில்ஸின் இசை மூழ்கியது. ஜாக்சனோ அந்த ஆரவாரத்தையே நிகழ்ச்சியின் முதற்பாடலாக்கினார்.

4. திரைமாயம் மேடைப்பொறியாதல்

பதிவுசெய்த படத்தில் இயல்வதை மேடையிலும் காண விரும்பிய இரசிகர்களின் எதிர்பார்ப்பு, பொறியியலுக்குப் புதிய வேலை தந்தது. ‘ஸ்மூத் கிரிமினல்’ படக்காட்சியில் ஆடுநர்கள் கம்பிகளின் துணையால் புவியீர்ப்பை மீறியவர்போல் முன்னே சாய்ந்தனர். மேடையில் அதைச் செய்ய, குதிகாலில் பிளவுள்ள ஒரு காலணி உருவாக்கப்பட்டது. உரிய கணத்தில் மேடைத்தளத்திலிருந்து ஓர் ஆணி எழும்; ஆடுநர் குதிகாலை அதில் மாட்டிக்கொண்டு சாய்வார். இதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1993 அக்டோபர் 26 அன்று ஜாக்சன் உள்ளிட்ட மூவர் பெயரில் வழங்கப்பட்டது.

இக்கருவி உடலுழைப்பைக் குறைக்கவில்லை என்பது கருதத்தக்கது. ஆணி குதிகாலைப் பிடிக்கும். சாய்ந்த உடலை நேராக்க வேண்டியவை கணுக்காலும் இடுப்பும் முதுகுமே. மேடைப்பொறி ஆட்டக்காரரிடம் கூடுதலாக ஒன்றைக் கேட்கிறதேயன்றி அவருக்கு ஓய்வு தருவதில்லை. ‘டேஞ்சரஸ்’ நிகழ்ச்சியின் இறுதியில் உந்துபொறி கட்டிக்கொண்டு ஒருவர் அரங்கைவிட்டுப் பறந்து செல்வார். அவர் ஜாக்சன் அல்லர்; சாகசக் கலைஞர் ஒருவர் கண்மறைவில் அவரிடத்தைப் பெற்றிருப்பார். அவருடலுக்கு ஒரு மாற்று கிடைத்த கணம் அது.

5. பெயர்க்கத்தக்க மேடை, பெயர்க்கவியலா உடல்

பேரரங்கு மேடை ஒரு நகரில் தங்குவதன்று. நிகழ்ச்சி முடிந்த இரவிலேயே விளக்குகளும் திரைகளும் இறக்கப்பட்டு வண்டிகளில் ஏற்றப்படுகின்றன. உருக்குச் சட்டகத்தைக் கட்டவும் பிரிக்கவும் நாள்கள் பிடிக்கும். ஆகவே ஒன்றில் நிகழ்ச்சி நடக்கும்போதே அடுத்த நகரில் மற்றொன்று எழுப்பப்படுகிறது. யூ2 குழுவினரின் 2009–2011 பயணத்துக்கு இத்தகைய மூன்று சட்டகங்கள் சுழற்சியில் இருந்தன. ஆனால் 2010 மே மாதம் அக்குழுவின் பாடகர் போனோவுக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை நேர்ந்தபோது, அவ்வாண்டின் வட அமெரிக்க நிகழ்ச்சிகள் அனைத்தும் மறு ஆண்டுக்குத் தள்ளிப்போயின. உருக்குக்கு மூன்று படிகள் இருந்தன. முதுகெலும்புக்கு ஒன்றே இருந்தது.

ஜாக்சனின் வரலாற்றில் இவ்வுண்மை மேலும் கடுமையாக வெளிப்படுகிறது. அவரது ‘பேட்’, ‘டேஞ்சரஸ்’ பயணங்களுக்குப் பெப்சி நிறுவனம் புரவலராக இருந்தது. அந்நிறுவனத்துக்காக 1984 ஜனவரி 27 அன்று நடந்த விளம்பரப் படப்பிடிப்பில் வாணப்பொறி தவறுதலாக முன்னதாக வெடித்து அவரது தலையில் தீப்பற்றியது. அக்காயம் தொடர்பான தலைத்தோல் சீரமைப்பு அறுவைக்குப் பின் உட்கொண்ட வலிநிவாரணிகளுக்குத் தாம் அடிமையாகிவிட்டதாக 1993 நவம்பரில் அறிவித்து, ‘டேஞ்சரஸ்’ பயணத்தை அவர் இடையிலேயே முடித்துக்கொண்டார். அதற்கு முன், ஆகஸ்டில் அவர்மீது சிறார் பாலியல் குற்றச்சாட்டு எழுந்து காவல்துறை விசாரணை தொடங்கியிருந்தது. அவர் அதனை மறுத்தார். உரிமையியல் வழக்கு 1994 ஜனவரியில் பண உடன்பாட்டில் முடிந்தது. அந்த ஆகஸ்டிலேயே பாங்காக்கில் நீரிழப்பைக் காரணங்காட்டி நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டது. முறிவுக்கான காரணத்தை ஒன்றாகச் சுருக்க இயலாது. எனினும் ஒருவர் நின்றவுடன் நூற்றுக்கணக்கானோரின் பணியும் நின்றது என்பது தெளிவு.

மூன்றாவது பயணமான ‘ஹிஸ்டரி’ 1996 செப்டம்பர் 7 அன்று பிராகில் தொடங்கி, 1997 அக்டோபர் 15 அன்று டர்பனில் நிறைவுற்றது. 82 நிகழ்ச்சிகள், ஏறத்தாழ 45 இலட்சம் பார்வையாளர்கள். விண்கலமும் பீரங்கி வண்டியும் மேடையேறின. பாடல்களில் பெரும்பாலானவை முன்பதிவு செய்த குரலுக்கு வாயசைத்து நிகழ்த்தப்பட்டவை. ஆட்டத்தின் கடுமைக்கும் பாட்டின் மூச்சுக்கும் ஒருசேர ஈடுகொடுக்க இயலாத நிலையில், குரலின் இடத்தைப் பதிவு எடுத்துக்கொண்டது.

6. மும்பையும் மியூனிக்கும்

‘ஹிஸ்டரி’ பயணத்தின் ஒரு நிகழ்ச்சி 1996 நவம்பர் 1 அன்று மும்பை அந்தேரி விளையாட்டு வளாகத்தில் நடந்தது. இளைஞர் வேலைவாய்ப்புக்கு நிதி திரட்டுவதாகச் சிவ உத்யோக் சேனா இதனை நடத்தியது. மாநில அரசு அளித்த கேளிக்கை வரிவிலக்கை எதிர்த்து நுகர்வோர் அமைப்பொன்று மும்பை உயர்நீதிமன்றத்தை நாடியது. 2011இல் நீதிமன்றம் அவ்விலக்கை மறுபரிசீலனை செய்யப் பணித்தது. 2021 ஜனவரியில் மகாராஷ்டிர அமைச்சரவை மீண்டும் அதற்கு ஒப்புதல் அளித்தது. ஓரிரவு நிகழ்ச்சியின் கணக்கு முடிய ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று. பேரரங்கு நிகழ்ச்சி கலைநிகழ்வாக மட்டுமன்றிப் பொதுநிதி பற்றிய வழக்காகவும் நிலைபெறும் என்பதற்கு இது சான்று.

1999 ஜூன் 27 அன்று மியூனிக் ஒலிம்பிக் அரங்கில் ஜாக்சன் நடத்திய அறக்கொடை நிகழ்ச்சியில் ஏ.ஆர். ரகுமானின் இசையும், ஷோபனா, பிரபுதேவா ஆகியோரின் நடனமும் இடம்பெற்றன. அதே மேடையில் ‘எர்த் சாங்’ பாடலின்போது ஜாக்சன் நின்றிருந்த தொங்குபாலம் கீழே விழுந்தது. அவர் எழுந்து வந்து பாடலை முடித்தார்; பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இச்செயல் அர்ப்பணிப்பின் அடையாளமாகப் போற்றப்படுகிறது. நிகழ்ச்சியை நிறுத்தும் உரிமை தனக்கில்லை என்று ஓர் உடல் கற்றுக்கொண்டதன் அடையாளமாகவும் அதனைப் படிக்கலாம்.

முடிவுரை

2009 மார்ச்சில் இலண்டன் ஓ2 அரங்கில் மீண்டும் பாடப்போவதாக ஜாக்சன் அறிவித்தார். பத்து நிகழ்ச்சிகளாகத் தொடங்கிய திட்டம் சீட்டுக்கான தேவை பெருகியதால் ஐம்பதாயிற்று. ஒத்திகைகள் நடந்துகொண்டிருந்த நிலையில், தூக்கத்துக்காகச் செலுத்தப்பட்ட புரோபோபால் மயக்கமருந்தின் விளைவாக ஜூன் 25 அன்று தம் ஐம்பதாம் வயதில் அவர் இறந்தார். 2011இல் அவரது தனிமருத்துவர் கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். ஏற்பாட்டு நிறுவனத்தின் மீதான வழக்கில், 2013இல் நடுவர்குழு அந்நிறுவனம் பொறுப்பன்று என முடிவுசெய்தது.

சட்டத்தின் கேள்விக்கு விடை கிடைத்தது. வரலாற்றின் கேள்வி எஞ்சுகிறது. ஷே அரங்கில் இல்லாத கருவிகள் அனைத்தும் பின்வந்த அரை நூற்றாண்டில் கிடைத்தன. ஒலி காலங்கணித்துச் சென்றது. முகம் மாடியளவு பெரிதாயிற்று. மேடை கண்டம் கடந்தது. இவை ஒவ்வொன்றும் கூட்டத்தைப் பெருக்கின. பெருகிய கூட்டம் முதலீட்டைப் பெருக்கியது. பெருகிய முதலீடு நிகழ்ச்சியை நிறுத்தவியலாததாக்கியது. 2023–24இல் டெய்லர் சுவிப்ட் 149 நிகழ்ச்சிகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் முன் பாடியபோதும், மூன்று மணிநேரத்துக்கு மேல் நீண்ட அந்நிகழ்ச்சியின் அச்சாணி ஒருவரே.

ஆகவே பேரரங்கு இசைநிகழ்ச்சியின் வரலாற்றை எழுதுவோர் விளக்குகளையும் வண்டிகளையும் எண்ணுவதோடு, ஓய்வுநாள்களையும் தள்ளிவைக்கப்பட்ட இரவுகளையும் எண்ண வேண்டும். தொலைவை வென்ற கலைவடிவம் என அதனைக் கூறுவது சரியே. வென்ற தொலைவின் எடையைச் சுமந்தது யார் என்பதையும் சேர்த்துக் கூறும்போதே அவ்வரலாறு முழுமைபெறும்.