போடியின் லாட் புத்தகம்

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கணக்கு எழுதிப் பழகிய கை என்னுடையது. பிற்காலத்தில் கணினியில் டேட்டாபேஸ் வடிவமைக்க உட்கார்ந்தபோதும் எனக்கு வழிகாட்டியது அந்தக் கணக்குதான்.

காய் விளைவது மலைமேல்: பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம். வியாபாரம் கீழே போடியில். மலை திருவிதாங்கூரிலும் ஊர் சென்னை மாகாணத்திலும் இருந்த காலத்திலேயே சரக்கு இங்கேதான் இறங்கியது. 1928-இல் மதுரையிலிருந்து ரயில் வந்ததும் சந்தைக்கு வலு கூடியது.

முன்பணம் கொடுத்த கமிஷன் கடைக்கே காய் போய்ச் சேரும் வழக்கம் இருந்தவரை கணக்கு சுலபம். தோட்டக்காரருக்குப் பேரேட்டில் ஒரு பக்கம், அது போதும். பொது ஏலம் இதை மாற்றியது. 1965-இன் ஏலக்காய்ச் சட்டமும், பிறகு 1987-இல் அமைந்த நறுமணப் பொருள் வாரியத்தின் உரிம விதிகளும் ஏலத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்தன. ஒரு தோட்டக்காரரின் காயைப் பல வியாபாரிகள் எடுப்பார்கள். ஒரு வியாபாரி பல தோட்டக்காரர்களிடம் எடுப்பார். இந்தப் பலருக்குப் பலர் உறவை எங்கே எழுதுவது?

தோட்டக்காரர் பக்கத்தில் ‘வியாபாரி 1, வியாபாரி 2’ என்று கட்டம் போட்டால் மூன்றாமவருக்கு இடமில்லை. பெயர்களை ஒரே கட்டத்தில் அடுக்கினால், ஒரு வியாபாரியின் பாக்கியைக் கூட்டப் பேரேடு முழுவதையும் புரட்ட வேண்டும். விலை யாருடையது என்று பாருங்கள். தோட்டக்காரருக்கென்றோ வியாபாரிக்கென்றோ நிலையான விலை கிடையாது. விலையும் எடையும் லாட்டுக்குத்தான், அதாவது ஏலத்தில் ஒன்றாக விற்கப்படும் காய்க் குவியலுக்குத்தான் சொந்தம். ஆகவே நடுவில் லாட் புத்தகம்: ஏலத் தேதி, லாட் எண், தோட்டக்காரர், எடை, விலை, எடுத்தவர். தோட்டக்காரர் பேரேடு, வியாபாரி பேரேடு இரண்டும் அதிலிருந்தே நிரம்பும்.

கணினியில் இதற்கு ஈடானதைப் பார்ப்போம். 1970-இல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் தரவுகளை அட்டவணைகளாக வைக்கும் முறையைக் கட்டுரையாக வெளியிட்டார். உறவுக்கே சொந்தமான விவரங்கள் உண்டு என்பதை 1976-இல் பீட்டர் சென் வரைபடத்தில் காட்டினார். லாட் புத்தகத்தின் ஒவ்வொரு வரியும் அதற்கு நேர்ச் சான்று. பாடநூல்களில் இரு தரப்பின் எண்களையும் சேர்த்தே, நடுவில் நிற்கும் இணைப்பு அட்டவணைக்குச் சாவி (ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் அடையாளம்) செய்யச் சொல்வார்கள். போடியில் அது செல்லாது: ஒரே நாளில் ஒரே தோட்டக்காரரின் இரண்டு லாட்டுகளை ஒரே வியாபாரி எடுப்பது சாதாரணம். ஏலமும் லாட் எண்ணும் சேர்ந்ததே சாவி. விலை பிடிக்காமல் தோட்டக்காரர் லாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டால், ‘எடுத்தவர்’ கட்டம் காலியாக நிற்கவும் வழி வேண்டும். 2007-இல் போடியில் மின்னணு ஏலம் வந்து, கூவிக் கேட்டது கணினித் திரைக்கு மாறியது. லாட் எண் மாறவில்லை.

ஆனால் லாட் வியாபாரியின் கிடங்கைத் தொட்டதும் கணக்கு அறுந்துபோகிறது. அங்கே பல லாட்டுகள் ஒன்றாகக் கொட்டப்பட்டு, 8 மி.மீ., 7 மி.மீ. என்று சல்லடையில் பிரிந்து மூட்டையாகின்றன. ஒரு மூட்டைக்குள் பல லாட். ஒரு லாட் பல மூட்டைகளில். இதுவும் பலருக்குப் பலர் உறவுதான். இதை எழுதி வைக்காத கடையில், பூச்சிமருந்து எச்சம் என்று வெளிநாட்டுத் துறைமுகத்தில் சரக்கு நின்றால், எந்தத் தோட்டத்துக் காய் என்று சொல்ல வழியில்லை. மருந்தே தெளிக்காதவருக்கும் விலை விழுகிறது. இது அநியாயம்.

போடி வியாபாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்: மூட்டை எண், லாட் எண், எத்தனை கிலோ என்று மூன்றே கட்டங்களில் இன்னொரு புத்தகம் தொடங்குங்கள்.