கொல்லிமலைச் சரிவும் குச்சிக்கிழங்கும்



புளியஞ்சோலைக்கு வந்துபோன பழைய மாணவர் ஒருவர், "ஐயா, மழை பெய்தால் ஐயாறு ஏன் செம்மண் குழம்பாக வருகிறது?" என்று கேட்டிருந்தார். நம் ஊருக்கு மேற்கே, ஆறு பிறக்கும் கொல்லிமலையில் இருக்கிறது விடை.

அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் (பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர் என்று எண்ண வேண்டாம்) ஏர் போகாத சரிவில் காட்டை வெட்டி எரித்து, கொத்தி, சாமையும் தினையும் விதைத்தார்கள். சாம்பல் உரத்தில் முதல் போகம் செழிப்பாக வரும். சில ஆண்டுகளில் மண் இளைத்துவிடும். அதை அப்படியே போட்டுவிட்டு வேறு புனம் போவார்கள். பழைய இடத்தில் புதர் மூடி, சருகு மக்கி, மண் மறுபடி தேறும். காட்டை அழித்தவர்கள் என்று இவர்களை மட்டும் குறை சொல்வது எனக்கு ஒப்பில்லை.

1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக்காடுகளுக்கு எல்லை கட்டினார்கள். மாறி மாறிப் போக இடமில்லாமல், இருந்த நிலத்திலேயே திரும்பத் திரும்பப் பயிர். மண்ணுக்கு ஓய்வு போயிற்று.

அடுத்தது குச்சிக்கிழங்கு. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரவு நின்றதும், 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். ஆலைகள் பெருகின, 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் வந்தது. மலைக்கு லாரி ஏறியபின் சாமை விளைந்த சரிவுகள் பலவும் கிழங்குக் காடாயின. சாமையை உரலில் குத்திப் பெண்கள் கை சலித்தது. கிழங்கோ உடனே காசு. பிள்ளையைப் படிக்க வைக்கக் காசு வேண்டியவர்களை என்ன சொல்வது?

ஆனால் மண்ணுக்கு இரண்டும் ஒன்றல்ல. சாமை நெருக்கமாக முளைத்துச் சல்லிவேரால் மேல்மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கிழங்குக் குச்சியை இடைவெளி விட்டு நடுகிறோம். இலை மூட இரண்டு மூன்று மாதம். அதுவரை மண் வெறும் உடம்போடு மழையில் நிற்கும். பத்தாம் மாதம் பிடுங்கும்போது மறுபடி கிளறல். மண்ணின் சாம்பல்சத்தும் கிழங்கோடு லாரி ஏறிவிடுகிறது. ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். அது கரைந்து ஆகாயகங்கை வழியாக இறங்குவதைத்தான் அந்த மாணவர் பார்த்தார்.

1990-களிலிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சாமை உடைக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்தது. உரல் வேலை குறைந்தால் சாமை நிலைக்கும் என்ற கணக்கு, நல்ல கணக்கு.

அடுத்த முறை எழுபது வளைவு ஏறும்போது சாலையோரம் வெட்டிய மண்சுவரைப் பாருங்கள். காட்டுக்கு அடியில் மேல்படலம் கருத்துத் தடித்திருக்கும். கிழங்குக் காட்டுக்கு அடியில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.