கத்தோலிக்கத் தடை (ஒல்லாந்தர் கால இலங்கை)

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி தன் ஆட்சிக்குட்பட்ட இலங்கைக் கரையோரத்தில் கத்தோலிக்க வழிபாட்டை ஒடுக்கிய நடவடிக்கை. 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து வீழ்ந்தன. கத்தோலிக்கர் போர்த்துக்கேயருக்கு விசுவாசமானவர் என்று கும்பனி ஐயுற்றது. குருமாருக்குப் புகலிடம் தருவோருக்கு மரண தண்டனை என 1658இல் கட்டளை பிறந்தது. 1585இல் முதலாம் எலிசபெத்தின் இங்கிலாந்து இயற்றிய சட்டமும் இத்தகையதே. இரு நாட்டிலும் மதம் அரச விசுவாசத்தின் அளவுகோலாயிற்று.

கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகள் 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து இரகசியமாகப் பணியாற்றினார். ஒல்லாந்தர் ஆட்சிக்கு வெளியே இருந்த கண்டி இராச்சியத்தில் முதலில் ஒற்றர் எனச் சிறைப்பட்டாலும், பின்னர் பௌத்த மன்னரின் பாதுகாப்பைப் பெற்றார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். துன்புற்ற சபை தளராமல் நிலைத்ததற்கு இவர்களின் உழைப்பும், உயிரைப் பணயம் வைத்துக் குருமாரைக் காத்த எளிய குடும்பங்களின் துணிவுமே காரணம்.

ஒல்லாந்தருக்குப் பின் கரையோரத்தை ஆண்ட பிரித்தானியர் 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கினர். இங்கிலாந்துக் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமரும் உரிமையை 1829இல்தான் பெற்றனர். வாஸ் அடிகள் 2015இல் காலிமுகத்திடலில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.