கப்பலேறிப் போன ஒரு மரபணு

திண்டிவனத்திலிருந்து செஞ்சிப் பக்கம் போனால், மல்லாட்டை பிடுங்கிய கொல்லைகளில் கிடை மடக்கியிருப்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் சென்னைச் சிவப்புச் செம்மறிகள். வெயிலைத் தாங்கும், தூரம் நடக்கும். ஆனால் ஈற்றுக்கு ஒரு குட்டிதான், இரட்டை அபூர்வம். ஈற்றுக்கு இரண்டு, மூன்று போடும் செம்மறியும் நம் நாட்டில் உண்டு. வங்காளத்துச் சுந்தரவனச் சதுப்பில் மேயும் சின்ன உருவக் கரோல் ஆடு அது.

கரோலின் அந்தக் குணம் எங்கெங்கோ போனது. 1792, 93 வாக்கில் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குப் போன கப்பல்களில் வங்காள ஆடுகளும் இருந்தன. அங்கே மெரினோ ரத்தத்தோடு கலந்து, ஒன்றரை நூற்றாண்டு ஆள் தெரியாமல் கிடந்தன. கூமா ஊருக்கு அருகே பூரூலா பண்ணையை நடத்திய சீயர்ஸ் சகோதரர்கள், பல குட்டி போட்ட ஆடுகளின் வாரிசுகளையே விடாமல் சேர்த்துவந்தார்கள். 1958இல், ஐந்து குட்டிகளில் ஒன்றாகப் பிறந்த கிடாவை ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவுக்குக் கொடுத்தார்கள். ஒரே மரபணுதான் காரணம் என்ற கருத்து 1980இல் எழுந்தது. 2001இல் ஆறாம் குரோமோசோமில் டிஎன்ஏவின் ஒற்றை எழுத்து மாறியிருப்பது தெரிந்தது. மறு ஆண்டே அதே மாற்றம் கரோல் ஆட்டிலும் கிடைத்தது. பிறந்த வீடு உறுதியானது.

இந்த மாற்றம் செய்யும் வேலைதான் எனக்குப் பெரிய வியப்பு. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி, எஃப்எஸ்ஹெச் ஹார்மோனை அனுப்பிச் சூலகத்தில் முட்டைப்பைகளை வளர்க்கிறது. வழக்கமாக ஒரு பை முந்திப் பெருத்து, ஈஸ்ட்ரடையோலும் இன்ஹிபினும் சுரந்து, எஃப்எஸ்ஹெச்சைக் குறைத்துவிடும், மற்றவை வாடிப்போகும். மாற்றம் உள்ள ஆட்டில் பைகள் சிறிதாக இருக்கும்போதே முதிர்கின்றன. பல சின்னப் பைகள் சேர்ந்துதான் ஒரு பெரிய பையின் அளவுக்கு ஈஸ்ட்ரடையோல் சுரக்கின்றன. எஃப்எஸ்ஹெச் கூடுவதால்தான் முட்டை பெருகுகிறதோ என்று தோன்றலாம்; சில மந்தைகளில் அது கூடியிருந்தது உண்மைதான். ஆனால் முட்டை இரண்டு மூன்று மடங்கானாலும் ஈஸ்ட்ரடையோல் ஏறக்குறைய அதே அளவுதான். மாறிய மரபணுவின் பிரதி ஒன்று இருந்தால் பருவத்துக்குச் சுமார் ஒன்றரை முட்டை கூடுதல். இரண்டு இருந்தால் மூன்று.

மகாராஷ்டிரத்தின் பல்டணில் நிம்ப்கர் வேளாண் ஆய்வு நிறுவனம் கரோலைத் தக்காணி ஆட்டோடு சேர்த்து, ஆஸ்திரேலியர்களின் துணையோடு, மரபணுச் சோதனையால் தேர்ந்து, ‘சுவர்ணா’ ஆடுகளை உருவாக்கியது. கப்பலேறிப் போனவற்றின் பேரர்களிடம் கற்ற பாடம், போகாமல் இங்கேயே இருந்த உறவுகளிடம் இப்படித்தான் திரும்பி வந்தது.

இந்த மரபணு, திண்டிவனமும் செஞ்சியும் உள்ள விழுப்புரம் மாவட்டத்துக்கு வரலாமா? வரலாம், ஆனால் ஒரு பிரதியோடு நிற்க வேண்டும். இரண்டு பிரதி உள்ள தாய் மூன்று குட்டி போட்டால், கொல்லை மேய்ச்சலை நம்பியவளுக்குப் பால் காணாது; கடைசிக் குட்டி செத்துப்போகும். நெடுஞ்சாலையோரக் கொல்லைகள் மனையாகி மேய்ச்சலும் குறைகிறது. இரண்டு பிரதி உள்ள கிடாவை நம் சிவப்புப் பெட்டைகளோடு விட்டால், பிறக்கும் குட்டி ஒவ்வொன்றுக்கும் சரியாக ஒரு பிரதி போய்ச் சேரும். அந்தப் பெட்டைக் குட்டிகள் சினையாகும்போது, கடைசி மாதங்களில் கூடுதல் தீவனம் வேண்டும். சொந்த நிலமில்லாத கிடைக்காரருக்கு அதை யார் கொடுப்பது என்பதைக் கிடா வருவதற்கு முன்பே அவரோடு உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும்.