மகத் குளமும் 108 பானைகளும்

1877இல் லசேக், ஃபால்ரே என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் ஒரு விசித்திரமான மனநோயைப் பற்றி எழுதினார்கள். வெளியுலகத் தொடர்பு அதிகமில்லாமல் ஒரே வீட்டில் வாழும் இருவர். ஒருவருக்குத்தான் நோய். ஆனால் அவருடைய பொய் நம்பிக்கை மெல்ல மற்றவரையும் பற்றிக்கொள்கிறது. கொடுப்பவர் ஆதிக்கம் உள்ளவர், வாங்கிக்கொள்பவர் அவரை அண்டி வாழ்பவர். இருவரையும் பிரித்து வையுங்கள், இதுதான் அவர்கள் சொன்ன வைத்தியம்.

இருவருக்கு வந்தால் நோய். ஊருக்கே வந்தால்? ஒரு சமூகம் பொதுவாக ஏற்றுக்கொண்ட நம்பிக்கையை மனநல மருத்துவம் நோயாகக் கணக்கில் எடுப்பதில்லை. பிற பண்பாட்டு மக்களைப் பைத்தியம் என்று முத்திரை குத்தாமலிருக்க அந்த விலக்கு தேவைதான். ஆனால் அதன் நிழலில் எவையெல்லாம் ஒதுங்கிக்கொள்கின்றன என்பதற்கு நம் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது.

பொதுநீர்நிலைகள் எல்லோருக்கும் உரியவை என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மறு ஆண்டு மகத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. எல்லாம் காகிதத்தில். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஊர்வலமாகப் போய் அந்தக் குளத்தில் நீர் அருந்தினார், உடன் வந்த மக்களும் அருந்தினார்கள். அடுத்து வீரேசுவரர் கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று ஊரில் ஒரு வதந்தி கிளம்பியது. அப்படி ஒரு திட்டமே இல்லை. ஆனாலும் தடிகளோடு கூட்டம் திரண்டது. மாநாட்டுக்கு வந்தவர்கள் அடிபட்டார்கள்.

பிறகு சாதி இந்துக்கள் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். 108 பானை நீரை மொண்டு, அதில் சாணம், கோமியம், பால், தயிர் கலந்து, மந்திரம் சொல்லித் திரும்பக் குளத்திலேயே ஊற்றினார்கள். முசுலிம்களும் கிறித்தவர்களும் குடித்தபோது தீட்டாகாத நீர் அது. மாடு குடித்தபோதும் ஆகவில்லை. இதைத் தனியொரு ஆள் தன் வீட்டுத் தொட்டியில் செய்திருந்தால் வீட்டார் மருத்துவரிடம் அழைத்துப் போயிருப்பார்கள்.

ஆனாலும் தோழர்களே, இதைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டு நாம் நகர முடியாது. 'சாதிவெறி' என்ற நம் சொல்லிலேயே ஒரு சிக்கல் உண்டு: வெறி பிடித்தவன் கணக்குப் பார்க்க மாட்டான். மகத் ஆதிக்கசாதியினர் கணக்குப் பார்த்தார்கள். அதே ஆகஸ்டில் நகராட்சித் தீர்மானத்தை ரத்து செய்யவைத்தார்கள். டிசம்பரில் நீதிமன்றம் போய், குளம் தங்களுக்கே சொந்தம் என்று வாதாடித் தடையாணை வாங்கினார்கள். பழங்கால வழக்கம் என்ற அவர்களது வாதம் நிரூபிக்கப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் சொல்ல 1937 ஆயிற்று. மனநோயால் அல்லல்படும் எளிய மனிதர்களோடு இவர்களை ஒப்பிடுவது அந்த நோயாளிகளுக்குத்தான் அவமானம். சாதி ஒரு மனநிலை என்று 1936இல் எழுதிய அம்பேத்கரும் அதோடு நிற்கவில்லை. அந்த மனநிலைக்குப் புனிதம் தரும் சாத்திரங்களை நோக்கித்தான் கை நீட்டினார்.

பிரெஞ்சு மருத்துவர்கள் சொன்ன அந்த இரண்டாமவரையும் அவர் மறக்கவில்லை. தாழ்ந்தவர் என்று பிறர் சொன்னதைத் தாமே நம்பத் தொடங்கியவர்கள் நம்மிலும் உண்டு. 1927 டிசம்பரில் மகத்தில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்ட பிறகு, அங்கே பெண்களிடம் அவர் தனியாகப் பேசினார். தீண்டத்தகாதவர் என்று காட்டிக்கொடுக்கும் உடையையும் நகைகளையும் விட்டுவிடச் சொன்னார். அந்தப் பெண்கள் ஊர் திரும்பும்வரைகூடக் காத்திருக்கவில்லை. அங்கேயே சேலைக்கட்டை மாற்றிக்கொண்டார்கள்.