பெங்களூரின் ஆறு கோரும் நான்காயிரம் ரூபாய் இரண்டு கோரும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

ஓரிக்கையில் பட்டுத்தறி வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: “சார், பையன் பிளஸ் டூ முடிச்சிட்டான். கேம் விளையாட, படிக்க ஒரு கம்ப்யூட்டர் வேணுமாம். ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய சர்வர் ப்ராசசர் ஒண்ணு காட்டுறாங்க, பன்னிரண்டு கோர். அதே விலைக்குப் புதுசு கேட்டா நாலே கோர்தான் வருது. எதை வாங்குறது?” பல மாதக் கூலியில் மிச்சம் பிடித்த பணம் அது. தவறான பொருளில் போய்விடக் கூடாது.

வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதான் கிடைக்கும்.

சர்வருக்கு ஒரு ப்ராசசர், சாமானியனுக்கு ஒரு ப்ராசசர் என்று இன்டெல் நிறுவனம் பெயர் வைத்துப் பிரித்தது 1998-ல். அந்த ஜூன் மாதம் பென்டியம் 2 ஜியான் வந்தது; அதில் விலை குறைந்த வகையே ஆயிரம் டாலருக்கு மேல். அதே ஆண்டு ஆகஸ்டில் செலரான் 300ஏ வந்தது, விலை 149 டாலர். இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தான். செலரானின் வேகம் 66 மெகாஹெர்ட்ஸை நாலரையால் பெருக்கி வருவது, அதாவது 300. விளையாட்டுப் பிரியர்கள் என்ன செய்தார்கள்? அந்த 66-ஐ 100 ஆக்கினார்கள். நூறு நாலரை நானூற்று ஐம்பது! பெரும்பாலான செலரான்கள் அதையும் தாங்கின. பல மடங்கு விலையுள்ள 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தோடு இந்த ஏழைப் பிள்ளை விளையாட்டில் தோளோடு தோள் நின்றது. விலைப்பட்டியல் வேறு, உள்ளே இருக்கும் சரக்கு வேறு என்பது அன்றே வெளிப்பட்டுவிட்டது.

இனி பெங்களூருக்கு வருவோம். சென்னையிலிருந்து ரயிலில் போனால் கிருஷ்ணராஜபுரத்துக்கு முன்னால் ஒயிட்ஃபீல்டு என்று ஒரு ஸ்டேஷன் வருமே, அந்த ஊரின் பெயரில் இன்டெல் ஒரு ஜியான் ப்ராசசரைத் திட்டமிட்டது. வடிவமைப்பு வேலை பெங்களூர் மையத்தில் நடந்தது. இந்தியாவில் வடிவமைத்த முதல் இன்டெல் ப்ராசசர் என்ற பெயர் அதற்குக் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் 2005 அக்டோபரில் திட்டத்தையே கைவிட்டார்கள். பாதி நெய்த சேலையைத் தறியிலிருந்து அறுத்து எடுப்பது எப்படி வலிக்கும் என்று நம் ஊரில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதே பெங்களூர் மையம் மறுபடியும் ஒன்றைக் கையில் எடுத்தது. ரகசியப் பெயர் டன்னிங்டன்; கடைப் பெயர் ஜியான் 7400 வரிசை. 2008 செப்டம்பர் 15 அன்று வெளிவந்தது. (அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவால் ஆன அதே திங்கட்கிழமை. மறுநாள் செய்தித்தாள்களில் எதற்கு இடம் கிடைத்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.) ஒரே சில்லில் ஆறு கோர் வைத்த இன்டெலின் முதல் ப்ராசசர் அது. 190 கோடி டிரான்சிஸ்டர்கள். அந்த வரிசையின் உச்சமான எக்ஸ் 7460-ன் வேகம் 2.66 கிகாஹெர்ட்ஸ், விலை 2,729 டாலர். அன்றைய மதிப்பில் ஒன்றேகால் லட்சம் ரூபாய்!

அதற்கு இரண்டு வாரம் முன்னால், சத்தமில்லாமல் இன்னொன்றும் கடைக்கு வந்திருந்தது. பென்டியம் டூயல் கோர் இ5200. இரண்டு கோர், 2.5 கிகாஹெர்ட்ஸ், விலை 84 டாலர், நம் பணத்தில் நான்காயிரத்துக்கும் குறைவு. காசு குறைந்த விளையாட்டுப் பிரியர்கள் இதைத்தான் தேடி வாங்கினார்கள். 1998-ன் வித்தையை இதிலும் செய்து 3.3 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டினார்கள்.

இப்போது உள்ளே பாருங்கள். டன்னிங்டனில் இருப்பது மூன்று ஜோடி கோர்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் 3 எம்.பி. கேஷ் நினைவகம், மூன்று ஜோடிக்கும் பொதுவாக 16 எம்.பி. இ5200-ல் இருப்பதும் அதே தலைமுறையின் ஒரு ஜோடிதான், 3 எம்.பி.யில் 2 எம்.பி.யை மட்டும் திறந்துவிட்டிருந்தார்கள். அதாவது லட்ச ரூபாய்ப் பொருளுக்குள்ளும் நான்காயிரம் ரூபாய்ப் பொருளுக்குள்ளும் ஓடியது ஒரே ரத்தம்.

பின்னே எதற்கு முப்பது மடங்கு விலை? வெறும் பகட்டு என்று சொல்லிவிட முடியாது. டன்னிங்டன் சில்லின் பரப்பு 503 சதுர மில்லிமீட்டர், இ5200-ன் பரப்பு 82. முழுச் சேலையில் ஓர் இடத்தில் இழை அறுந்தால் சேலையே பழுது. அதே துணியைக் கைக்குட்டைகளாக வெட்டினால் ஒரு கைக்குட்டைதான் போகும். பெரிய சில்லில் பழுது விழும் வாய்ப்பு அதிகம், தேறுவது குறைவு, அதனால் விலை ஏறும். அடுத்து, டன்னிங்டனை ஒரே போர்டில் நான்கு பொருத்தி 24 கோர்களைச் சேர்ந்து வேலை செய்ய வைக்கலாம். இ5200 தனி ஆள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த விஷயம். சர்வர் நினைவகத்தில் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் கூடுதலாக 8 பிட் சரிபார்ப்புக்காக வைக்கிறார்கள். விடைத்தாள் திருத்தும்போது பக்கவாரியாக ஒரு கூட்டல், கேள்விவாரியாக ஒரு கூட்டல் போட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போமே, அந்த மாதிரி ஏற்பாடு. ஒரு பிட் புரண்டால் தானே திருத்திக்கொள்ளும். இரண்டு புரண்டால் கூச்சல் போடும். விளையாட்டில் ஒரு பிட் புரண்டால் திரையில் ஒரு புள்ளி நிறம் மாறும், அல்லது கேம் நின்றுபோகும். வங்கிக் கணக்கில் புரண்டால்? அதற்காகத்தான் சர்வர்காரன் கூடுதல் பணம் கொடுக்கிறான்.

ஆனால் விளையாட்டுக்கு இந்தச் சிறப்புகள் எதுவும் உதவாது. திரையில் விநாடிக்கு 60 படம் ஓட வேண்டும் என்றால், ஒரு படத்துக்குக் கிடைப்பது ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. அதற்குள் நடக்க வேண்டிய கணக்கில் பெரும்பகுதி ஒன்றன்பின் ஒன்றாக நடப்பது. ஆறு தறி இருந்தால் ஆறு சேலை வரும்; ஒரே சேலையை ஆறு தறிக்குப் பங்கு போட முடியாது. ஊடை ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும். கோர்வைச் சேலைக்கு ஒரு தறியில் இரண்டு பேர் உட்காருவார்கள், மூன்றாவது ஆளுக்கு அங்கே வேலை இல்லை. 2008-ன் பெரும்பாலான விளையாட்டுகளும் அப்படித்தான், இரண்டு கோருக்கு மேல் கொடுத்தால் மற்றவை சும்மா இருக்கும்.

இன்றைய விளையாட்டுகள் நான்கு, ஆறு கோர்களைப் பயன்படுத்தத் தெரிந்தவை. ஆனாலும் கணக்கு பெரிதாக மாறவில்லை. கடைக்காரர் காட்டியது 2014-ல் வந்த ஜியான் இ5-2670 வி3. பன்னிரண்டு கோர், அடிப்படை வேகம் 2.3, உச்சத்தில் 3.1 கிகாஹெர்ட்ஸ், 120 வாட். புதிதாகச் சொன்னது 2022-ன் கோர் ஐ3-12100எஃப். நான்கு கோர், உச்ச வேகம் 4.3, அடிப்படை மின்தேவை 58 வாட். வேக எண்ணை மட்டும் பார்த்தாலும் புதியது முன்னால் நிற்கிறது. அதோடு இடையில் ஓடிய எட்டு ஆண்டுகளில் ஒரு கோர் ஒரே துடிப்பில் செய்யும் வேலையும் நிறையக் கூடியிருக்கிறது. பையன் முப்பரிமாணப் படம் செய்து ரெண்டர் போடப் போகிறான், அல்லது ஒரே கணினியில் பல கணினிகளை ஓட்டிப் பழகப் போகிறான் என்றால் பன்னிரண்டு கோர் நல்ல பேரம்தான். விளையாட்டும் கல்லூரிப் பாடமும் என்றால் நான்கு கோரே போதும் என்று சொன்னேன். இரண்டிலுமே உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு வாங்க வேண்டும் என்பதையும் சொன்னேன். கடைக்காரர்கள் இதைக் கடைசியில்தான் சொல்வார்கள்.

டன்னிங்டனுக்கு ஆயுள் அதிகம் இல்லை. இரண்டே மாதத்தில், 2008 நவம்பரில், நினைவகத்தோடு நேரடியாகப் பேசும் கோர் ஐ7 வந்துவிட்டது. டன்னிங்டனோ பழைய பொதுப் பாதையையே நம்பியிருந்தது. 2010-ல் புதிய எட்டு கோர் ஜியான் வந்து அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. பெங்களூரில் வடிவமைத்திருந்தாலும் உரிமை முழுவதும் இன்டெலுக்குத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று நம் பிள்ளைகள் திறந்து படிக்க வழி இல்லை.

அந்தக் குறை இங்கே சென்னையில் கொஞ்சம் தீர்ந்திருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் காமகோடியின் குழு உருவாக்கிய ‘சக்தி’ ப்ராசசர் 2018-ல் சில்லாக வந்தது. சிறு கருவிகளுக்கு ஒரு வகுப்பு, சர்வருக்கு ஒரு வகுப்பு என்று அதிலும் வகுப்புகள் பிரித்துத் திட்டமிட்டிருக்கிறார்கள். கட்டளைத் தொகுப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றே, ரிஸ்க்-ஃபைவ். அதன் மூல வடிவமைப்பு இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. நம் வீடுகளில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைகள் யாராவது அதை இறக்கிப் பார்த்திருந்தால், கீழே எழுதுங்கள்.