பதினைந்து பேருக்குக் கீழே

மெல்பேணுக்குக் கிழக்கே, டண்டினோங் மலையடிவாரத்தில் உள்ள த பேசினில் எனக்கு ஒரு சிறு பலசரக்குக் கடை இருக்கிறது. வேலைக்கு மூன்று பேர். ஒருவன் மனைவி வழியில் மருமகன் முறை. படித்துக்கொண்டே வேலை செய்கிறான். சென்ற மாதம் அவன், "மாமா, போன கிழமை எனக்கு எத்தனை மணித்தியாலம் போட்டனீங்கள்?" என்று கேட்டான். தங்க அறை கொடுத்து, சாப்பாடும் போடுகிற என்னிடமே கணக்குக் கேட்கிறானே என்று சுருக்கென்றது. அன்றிரவு அப்பாவின் ஞாபகம் வந்தது.

அப்பா சிறுவயதிலேயே தென்னிலங்கையில் ஒரு சுருட்டுக்கடைக்கு வேலைக்குப் போனவர். யாழ்ப்பாணத்தார் சிங்கள ஊர்களில் நடத்திய கடைகளில் அதுவும் ஒன்று. முதலாளி சொந்த ஊர்க்காரர், தூரத்து உறவு. கடைப் பெடியள் கடையிலேயே சாப்பிட்டுக் கடையிலேயே படுத்தார்கள். சம்பளம் கைக்கு வருவதில்லை. முதலாளியின் கொப்பியில் நிற்கும், ஊருக்குப் போகும்போது வாங்கலாம். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுத்திருந்தது. அப்பாவின் கடையில் அதைப்பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. முதலாளியிடம் சட்டம் பேசுவது பெற்ற தகப்பனிடம் வாடகை கேட்பது மாதிரி.

1958 கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது, கொப்பியும் எரிந்தது. நாலு வருடச் சம்பளம் எவ்வளவு என்பதில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. முதலாளி ஏமாற்றுக்காரர் அல்ல. அவரும் எல்லாம் இழந்தவர். தனக்கு நினைவிருந்த தொகையைச் சிறுகச் சிறுகக் கொடுத்து முடித்தார். அப்பாவுக்கு நினைவிருந்த தொகை வேறு. பிறகு இரண்டு வீடும் நல்லது கெட்டதுக்குப் போய்வரவில்லை.

உறவுக்காரர் சேர்ந்து தொழில் செய்தால் இப்படித்தான் முடியும் என்று சொல்லிவிட முடியாது. இலங்கை, பர்மா, மலாயா என்று கடை வைத்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகளிலும் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒருசிலரே இருந்தார்கள். பெரும்பாலும் சொந்தச் சாதி, சொந்த ஊர். ஆனால் மேலாளின் தவணை வழக்கமாக மூன்று ஆண்டு என்றும் சம்பளம் இவ்வளவு என்றும் கப்பலேறுமுன் பேசி முடித்துவிடுவார்கள்.

சின்னக் கடைகளைச் சட்டம் எப்படிப் பார்த்தது என்று தேடியபோது ஓர் எண் என்னை நிறுத்தியது. இலங்கையின் 1971ஆம் ஆண்டு வேலை நீக்கச் சட்டம் 15 பேருக்குக் குறைவான இடங்களுக்குப் பொருந்தாது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் 15 பேரில்தான் தொடங்குகிறது. அவுஸ்திரேலியாவில் 2006இல் 100 பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களுக்கு முறையற்ற வேலை நீக்க விதியிலிருந்து விலக்குக் கிடைத்தது. 2009ஆம் ஆண்டின் சட்டம் அந்த விலக்கை எடுத்துவிட்டு, 15க்குக் கீழ் என்றால் சிறுதொழில் என்று வகுத்தது. அங்கே வேலை செய்பவர் ஓராண்டு முடித்தால்தான் முறையற்ற நீக்கம் என்று முறையிடலாம். பெரிய நிறுவனத்தில் ஆறு மாதம் போதும்.

இரு நாடுகளும் 15 பேருக்குக் கீழே சட்டத்தைத் தளர்த்தியது ஆளை அனுப்புவதில்தான். கணக்கில் தளர்த்தவில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒரே ஒரு பெடியன் நின்ற கடைக்கும் உரியது. இங்கும் ஒருவரை வைத்திருந்தாலும் சம்பளம் கொடுத்த ஒரு வேலைநாளுக்குள் சம்பளச் சீட்டுக் கொடுக்கவேண்டும். பதிவுகளை 7 ஆண்டு காக்கவேண்டும். 2025 ஜனவரி 1 முதல் வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைப்பது குற்றமும் ஆகிவிட்டது.

மறுநாள் மருமகனை இருத்தி, அவனுடைய கணக்கையும் என்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடை பூட்டியபின் அவன் தரை கூட்டிய அரை மணித்தியாலங்களை நான் ஒருநாளும் எழுதவில்லை. வீட்டுப் பிள்ளை செய்கிற வேலை என்று நினைத்திருந்தேன். நாலு மாதத்து நிலுவையைக் கொடுத்தேன். அவன் சீட்டை இரண்டுதரம் வாசித்து மடித்து வைத்துவிட்டு, "தேத்தண்ணி போடட்டோ மாமா?" என்றான்.